மூச்சுக் கணக்கு

ஸ்கேன் மேசையில் படுக்கவைத்துவிட்டு
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்
மைக்கில் சொன்னான் பையன்:
'மூச்சை இழுங்க. பிடிங்க.'
பிடித்தேன்.
'விடுங்க.'
விடவில்லை.

குருசடைத் தீவுக்குத் தெற்கே
இரண்டு ஆள் ஆழத்தில்
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கும்போது
எழுபதுவரை எண்ணுவேன்.
இவனுக்கு வேண்டியது பதினைந்து.
ஆறு மாதமாக ஆளாளுக்குச் சொல்லித் தந்ததில்
எனக்கு முன்பே தெரிந்த வேலை
இது ஒன்றுதான்.

சின்னப்பாலத்தில் அதற்குப் பெயர் கிடையாது.
'அது' என்பார்கள்.
கருமலை அதுகூடச் சொல்வதில்லை,
'மதுரை' என்பார்.
மதுரை மாத்திரை போட்டாச்சா.
மதுரைக்காக வித்த என்ஜின்.
மதுரை மட்டும் வராம இருந்திருந்தா.
ஒரு ஊரையே கொண்டுவந்து
என் இடது மார்பில் குடிவைத்துவிட்டார் மனுஷன்.
மார்பை எடுத்தாயிற்று.
ஊர் அங்கேயே இருக்கிறது.

என் பெயர் நம்புத்தாய்.
படலையைத் தாண்டும் யாரும்
'நம்பு' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.
கூப்பிடுகிறார்களா, உத்தரவு போடுகிறார்களா?
சில நாள் 'ம்' என்பேன்.
சில நாள் 'எதை?' என்று கேட்டுவிடுவேன்.
சிரிப்பார்கள்.
இப்படித்தான் தைரியசாலி என்று பேர் வாங்கினேன்.
வாந்தியைக்கூட அடக்கிவிடலாம்,
அந்தப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

ராத்திரி கணக்குப் பார்ப்பேன், எதனால் வந்தது என்று.
வனத்துறைக்காரனை மண்ணை வாரித் தூற்றியது.
மாமியார் சாவுக்கு அழாதது.
அம்மனுக்கு நேர்ந்த மொட்டையை
நாலு வருஷம் தள்ளிப்போட்டது.
அந்த மொட்டையை மருந்தே போட்டுவிட்டது,
நேர்த்தியில் சேருமா என்று
யாரிடம் கேட்பது?

போர்வைக்குள் யாழினியின் போன் வெளிச்சம்.
பத்தில் எத்தனை பேர்,
ஐந்து வருஷத்தில் எத்தனை பேர்
என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.
நாளைக்குப் பரீட்சைக்குப் படிப்பதாக அவள் நடிக்கிறாள்.
தூங்குவதாக நான்.
கொசு கடித்தாலும் இரண்டு பேரும் அசைவதில்லை.

ஊசி வார்டில் அடுத்த நாற்காலி
பரக்கத் நிஷா, பெரியபட்டினம்.
அவளிடம் மட்டும் சொன்னேன்:
'பயமா இருக்கு.'
'எனக்கும்தான். முறுக்கு திங்கிறியா?'
இரண்டு வாயிலும் துருப்பிடித்த ருசி.
ஆனாலும் டப்பாவைக் காலி பண்ணினோம்.
போன தடவை அந்த நாற்காலியில்
வேறு யாரோ.
நர்ஸிடம் கேட்கவில்லை.
தேதி மாறியிருக்கும்.

மருந்துக்கு இருபத்தொரு நாள்.
பாசிக்குப் பிறை.
காலண்டரில் ஒன்றுக்குச் சிவப்பு மை, ஒன்றுக்கு நீலம்.
கடலுக்குப் போகப்போவதில்லை,
தெரியும்.
நீலம் போட்ட அன்றைக்குத் தூக்கம் வருகிறது.
செசிலியிடம் கேட்டேன்,
வள்ளத்தில் என் இடத்தில் யாரை ஏற்றியிருக்கிறீர்கள் என்று.
'தண்ணிக்கேன் வச்சிருக்கோம்டி.
ஆள் ஏத்தலை.'
விரலுக்குச் சுற்றும் துணியை
அன்றைக்குத் துவைத்துக் காயப்போட்டேன்.

'விடுங்கம்மா' என்றான் பையன்.
இருபத்தாறு. இருபத்தேழு.
அடியில் இருக்கிறவரைக்கும்
மேலே அடிப்பது வாடையா கச்சானா
என்று தெரிய வேண்டியதில்லை.
நான் மூச்சு விடாதவரை
இவன் எடுக்கும் படம் முடியாது.
முடியாத படத்தில்
ஒரு புள்ளியும் இருக்க முடியாது.
முப்பத்தொன்பது.

நாற்பத்திரண்டில் இருமல் வந்தது.
கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்,
மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது.
'என்னம்மா இப்படிப் பண்ணீட்டீங்க,
பயந்தே போயிட்டேன்.'

'எனக்கும்தான்' என்றேன்.
கையில் முறுக்கு இல்லை.