மார்ச் பதினொன்று

மார்ச் பதினொன்று, காலை ஏழரை மணி.
வலது நுரையீரலின் மேல்மடலை
எடுத்துவிடுவோம் என்றார்கள்.
அப்படியொன்று எனக்குள் இருப்பதே
அன்றுதான் தெரியும்.
அறிமுகமான நாளிலேயே வழியனுப்புவதுபோல.

சேமிப்பு வங்கி கொடுத்த நாட்காட்டியில்
ஹல்வார் பேனாவால் எழுதினான்.
அழுத்தியதில் ஏப்ரல்வரை தடம் விழுந்தது.
அரை ஆடு வாங்கி வெட்டி
உறைபெட்டியில் அடுக்கினான்:
"வந்ததும் தெம்பு வேண்டாமா?"
நான் மீன் ஆலையில்
ஆறு வார விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
முன்பக்கம் பொத்தான் வைத்த இரவு உடை இரண்டு வாங்கினேன்.
பெட்டி கதவோரம் நின்றது.

பிப்ரவரி கடைசியில் தொலைபேசி.
டாக்டர் தோர்தீஸ்
"ஆனால்" என்று தொடங்கினார்.
இரண்டு நுரையீரலுக்கும் நடுவே
ஒரு கணு ஒளிர்கிறதாம் படத்தில்.
ஈசஃபியோர்துரில் எல்லாரும்
வெளிச்சத்துக்கு ஏங்கும் மாதம்.

கத்தி பிறகு, மருந்து முதலில்.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரெய்க்யாவிக்.
எங்கள் ஊர் ஓடுபாதையோ
மலையிடுக்கில் சொருகிய நாக்கு.
காற்று முகம் திருப்பினால் விமானம் கிடையாது.
முதல் தடவை ரத்து.
இரண்டாம் தடவை
கூரைக்கு மேல்வரை வந்து
யோசித்து
திரும்பிப் போயிற்று.
ஹல்வார் இரவோடு இரவாகக் கார் எடுத்தான்.
ஒவ்வொரு ஃபியோர்டாக உள்ளே போய் வெளியே வந்தோம்.
எதிர்க்கரை விளக்கைத் தொட
முக்கால் மணி நேரம்.
வானொலி மட்டும் பேசியது,
காற்றின் வேகம், அலையின் உயரம்.

மூன்றாம் தடவைக்குள் மரபணுச் சோதனை வந்துவிட்டது.
ஊசி வேண்டாம், தினம் ஒரு மாத்திரை, வீட்டிலேயே.
பெட்டியைப் பிரித்தேன்.
பத்தொன்பது நாள் நன்றாய்ப் போனது.
முகமெல்லாம் பரு, பதினைந்து வயதுபோல;
அதுகூடப் பிடித்திருந்தது.
பிறகு கல்லீரலின் கணக்கு எகிறியது.
"ஆனால்" என்றார் தோர்தீஸ்.

நகராட்சி நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்
கழுத்துவரை மூழ்கி உட்கார்ந்து
ஊர் ஊரைப் பேசும்.
தொடக்கத்தில் எல்லாருக்கும் திட்டம் சொன்னேன்.
அடுத்த வாரம் திருத்தம் சொன்னேன்.
திருத்தத்துக்குத் திருத்தம் வந்தபோது
அவர்கள் கண்களில் ஆவி படிந்தது.
மே மாதம் ஹில்துர் என் தோளைத் தட்டினாள்:
"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாமே,
பார்த்தாலே தெரியுது!"
நன்றி, என்றேன்.
வேறென்ன சொல்ல?
அவளாவது அந்தத் தேதியில் நிம்மதியாக இருக்கட்டும்.

அன்றிரவு
ஐஸ்கிரீம் தேடி உறைபெட்டி திறந்தவள்
ஆட்டைப் பார்த்துக் கத்தினேன்:
"இதை யாருக்காக வைத்திருக்கிறாய்?"
ஹல்வார் பதில் சொல்லவில்லை.
படகுக் கொட்டகைக்குப் போய்
ஏற்கெனவே தீட்டிய கத்தியைத் தீட்டினான்.

இப்போது கதிர் சிகிச்சையாம்.
ஜூன் மூன்று, திங்கள், தொடக்கம்.
சனிக்கிழமையே வந்து தங்கிவிடுங்கள், என்றார்.
ஞாயிறு எங்கள் மீனவர் திருநாள்.
ஆலைப் பெண்கள் துடுப்புப் போட்டியில்
பதினாறு வருடமாகப் பின்னணியத்தில் உட்கார்ந்து
எண்ணிக்கை கத்துகிறவள் நான்.

"ஆனால்," என்றேன்.

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
ஒரு வாரம் தள்ளினால் ஆபத்தில்லையா என்று
நானே கேட்டேன்; அவர் யாரையோ கேட்டார்.
"சரி. பத்தாம் தேதி."
போனை வைத்தபின்தான் கை நடுங்கியது.

நாற்பதுவரை எண்ண முடியும் என நினைத்தேன்.
இருபத்தாறில் மூச்சு நின்றது.
மிச்சத்தைக் கையால் தட்டினேன், பலகையில்.
நான்கு படகில் மூன்றாவது.
தோற்றதற்கு என்னைத் திட்டினார்கள்,
முன்பு திட்டியதுபோலவே, சலுகையில்லாமல்.

வீட்டில் அடுப்பு சூடாகியிருந்தது.
ஹல்வார் பொட்டலத்தை உரித்துக்கொண்டிருந்தான்.
உறைபனிக்கு அடியில் அவன் எழுத்து, பேனாவால்:
மார்ச் 11க்குப் பிறகு.

காட்டினான்.
"பிறகுதானே இது," என்றான்.

உப்பு கொஞ்சம் கூடுதல்.
இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.