குருகு

திங்கள் விடிகாலை நாலு நாற்பது.
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில்
கேமராவைப் பார்க்கச் சொல்கிறது இயந்திரம்.
நான் நான்தான் என்று ஒப்புக்கொள்ள
அதற்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது.
இரண்டு நாள் வெயில் அப்படி.

பின்னால் ஷு வென் நின்றபடியே தூங்குகிறாள்.
இர்ஃபானின் பையில் மூன்று பொட்டலம் டோடோல்.
என் சப்பாத்தில் கெடாவின் சேறு.
அறிவிக்க வேண்டியவற்றைச் சுவரொட்டி அடுக்குகிறது:
சிகரெட், மது, சூயிங்கம்.
சேற்றைப் பற்றி ஒன்றுமில்லை.

வெள்ளி இரவு கிளம்பும்போது
அம்மா கேட்டது: பேங்காக் போகக் கூடாதா,
எல்லாரும் அங்கதானே போறாங்க?
மாமா குடும்பக் குழுவில் எழுதியது:
கடாரம்! நம்ம சோழன் பிடிச்ச ஊராச்சே!
நெறைய படம் அனுப்பு.

பேருந்தில் ஓர் இரவு முழுக்க.
பிறகு சுங்கை பட்டாணியிலிருந்து வாடகை வண்டி.
ஓட்டுநர் இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார்:
கடற்கரை இல்லையா?
இல்லை. சுங்கை பத்து. பழைய இடம்.
ஓ, என்றார். செங்கல்.

ஆமாம், செங்கல்.
கூரைத் தகரத்துக்குக் கீழே
முழங்காலுக்கு மேல் எழும்பாத செங்கல்.
கோபுரம் இல்லை. நின்று படமெடுக்க
ஒரு சிலைகூட இல்லை.
பலகை ஒரு நூற்றாண்டைச் சொன்னது,
காவலாளி இன்னொன்றைச் சொன்னார்,
நடுவே சில நூறு ஆண்டுகள்
உரிமை கோர ஆளின்றி
வெயிலில் கிடந்தன.

இரும்பு உருக்கிய இடமாம்.
இரும்பு எப்போதோ கப்பலேறிவிட்டது.
கசடு இருக்கிறது.
களிமண் குழாய்கள் இருக்கின்றன:
உலைக்குள் காற்று நுழைவதற்காகச் செய்து,
வேலை முடிந்ததும் வீசியவை,
குவியல் குவியலாக,
நம் உணவங்காடி ஸ்ட்ராக்கள் போல.
காற்று போன வழி மட்டும்
மண்ணில் மீந்திருக்கிறது.

ஒன்றுக்குள் விரல் விட்டுப் பார்க்கலாமா என்றேன்.
காவலாளி பதில் சொல்லவில்லை,
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
கட்டைவிரல் இறுக்கமாகப் போனது.
சுடும் என்று
ஏன் எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு இழுப்பு வந்தது.
புல் வெட்டிய தூசி.
இன்ஹேலரின் நீல மூக்கைக் கடித்து
ஒன்று. மூச்சை நிறுத்திப் பத்து எண்ணி, இரண்டு.
ஷு வென் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
ஸேம் டிசைன் லா, என்றாள்.
சிரித்ததில் மறுபடி இழுத்தது.

உயர்நிலை மூன்றில்
குருகு என்றால் நாரை என்று மனப்பாடம் செய்தேன்.
அகராதியில் அடுத்த வரி: கொல்லன் துருத்தி.
இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு பொருள் போதும்,
தாண்டிவிட்டேன்.
இப்போது வேலிக்கு அந்தப் பக்கம், ஈர நிலத்தில்,
நிஜமாகவே ஒரு குருகு,
ஒற்றைக் காலில்,
எந்த அர்த்தத்துக்கும் பொறுப்பேற்காமல்.

மாமாவுக்கு ஒரே படம் அனுப்பினேன். குழாய்.
கட்டைவிரல் ஒன்று வந்தது.
பிறகு அவர் தங்க விலைக்குப் போய்விட்டார்.

முதல் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது.
கோப்பிக் கடையில் கண்விழித்த ஷு வென் கேட்கிறாள்:
நம்ம புளோக்கெல்லாம் புதைஞ்சா என்ன மிஞ்சும்?
ஏர்கான் குழாய், என்கிறான் இர்ஃபான்.
தோண்டுறவங்க நம்மளப் பத்தி என்ன எழுதுவாங்க?
பாவம், ரொம்பப் புழுங்கியிருக்காங்கன்னு.

ஒன்பது மணி. ஆய்வுக்கூடம்.
வெள்ளைத் தரையில்
கதவிலிருந்து நாலாவது மேசை வரை
சிவப்பாக என் தடம்.
இந்தப் பருவத்தில் எனக்குத் தந்த வேலை
காற்றுக் கருவி ஒன்றுக்கு மூக்கு அச்சிடுவது.
ஆறு உடைந்துவிட்டன.
எறியாதே, எண் போட்டு வை என்பார் திரு லோ;
டப்பாவில் கிடக்கின்றன.

ஏழாவதை எடுக்கிறேன்.
அளவுமானியில் மாட்டும் முன்
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
வாயில் வைத்து ஊதுகிறேன்,
மறுமுனையில் உள்ளங்கையைக் காட்டி.

வருகிறது.
லேசாகக் கோப்பி வாசத்தோடு.