பன்னிரண்டாவது ஊசி

செவ்வாய்க்கிழமை, மூன்று மணி.
புதுவயலில் அரிசி ஆலை ஆபீசுக்கு மேல்மாடி.
கீழே நெல் அவியும் வாடை,
ஜன்னல் கம்பியெல்லாம் தவிட்டுத் தூசி.
நாங்கள் ஏழு பேர், ஒரு ஃபேன்,
பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு ஊசி.

வந்ததும் எண்ணுவோம்.
கிளம்பும்போதும் எண்ணுவோம்.
குறைந்தால் ஒருவரும் படி இறங்கக் கூடாது.
தொலைத்தவருக்கு அபராதம் ஐந்து ரூபாய்.
சட்டம் போட்டது நான்தான்,
நோட்டும் என்னிடம்தான்.

காரைக்குடி பெரியாஸ்பத்திரியில்
மாசம் முந்திப் பிறக்கும் பிள்ளைகளுக்கு
மெத்தை தைக்கிறோம்.
ஒரு முழம் அகலம், ஒன்றரை முழம் நீளம்.
மேலே கட்டிக் கட்டி மெத்தென்று ஆன கண்டாங்கி,
அடியில் வேட்டித் துணி, நடுவில் பஞ்சு,
ஓரம் சுற்றிச் சங்கிலித் தையல்.
அதற்கு மேல் அவரவர் இஷ்டம்.
அடைக்கம்மை ஆச்சி எப்போதும் மீன் போடுவாள்.
அருள்மேரி கொய்யா இலை.
ரஹ்மத்து எதுவும் போடமாட்டாள்.
கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் கட்டம்,
எறும்புச் சாரி போல ஓட்டுத்தையல்,
அவ்வளவுதான்.

அன்று பதினோரு ஊசி.

மறுபடி எண்ணினோம். பதினொன்று.
சோலையம்மா முந்தானையை உதறினாள்.
தாலிக்கொடியில் மூன்று ஊக்கு இருந்தது, ஊசி இல்லை.
ஃபேனை நிறுத்தினோம்.
ஆலைச் சத்தம் படியேறி வந்து
எங்களோடு உட்கார்ந்துகொண்டது.
மைக்செட் கட்டும் மேரி மகன்
செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு வந்து
தரை முழுக்கத் தேய்த்தான்.
கொண்டை ஊசி இரண்டு,
ஸ்டேப்ளர் பின் ஒன்பது,
யாரோ எப்போதோ குடித்த சோடாவின் மூடி.
அடுக்கியிருந்த மெத்தைகள் மேலும் ஓட்டிவிட்டு
"ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

"படுக்கப்போறது காந்தமாடா? பிள்ளைடா"
என்றாள் அடைக்கம்மை.

பதினான்கு மெத்தை.
ஒவ்வொன்றாக விரித்து
உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தோம்,
மாவு பிசைகிற அழுத்தம் இல்லை,
காய்ச்சல் பார்க்கிற அழுத்தம்.

இருபது வருஷம் ஆரி ஊசி பிடித்த விரல்,
குத்தினாலும் எனக்குத் தெரியாது என்று
ரஹ்மத்து மெத்தையைப் பாயில் போட்டு
கன்னத்தை வைத்தாள்.
இடது கன்னம், அப்புறம் வலது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மூலையிலிருந்து மூலைக்கு நகர்ந்தது முகம்.
மேரி மகன் சிரித்தான்.
மேரி அவன் தொடையில் கிள்ளினாள்.

நேரத்தைக் குறிக்க நோட்டைத் திறந்தேன்.
அட்டையின் முதுகில்
மஞ்சள் நூல் வாலோடு
நிமிர்ந்து நின்றது ஊசி.
கையெழுத்துப் போடுகிற அவசரத்தில்
நானே குத்தி வைத்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
ரஹ்மத்து அப்போது பத்தாவது மெத்தையில் இருந்தாள்,
அவளே தைத்தது.
முகம் நகரவில்லை.
பிள்ளை உண்டா என்று அவளிடம்
இந்த மாடியில் யாரும் கேட்டதில்லை.
நோட்டில் எழுதாத சட்டம் அது,
நான் போட்டதும் இல்லை.

நோட்டை மூடினேன்.
பதினோராவது மெத்தையை இழுத்து மடியில் போட்டு
நானும் அழுத்தினேன்,
ஊசி இல்லை என்று தெரிந்த கையால்.
பஞ்சு அமுங்கிற்று, எழுந்தது.
எதையோ தேடுகிற மாதிரியே இருந்தது.

ஆலையில் ஷிப்ட் மணி அடித்தபோது
"கிடைச்சிருச்சு" என்று டப்பாவில் போட்டேன்.
எங்கே என்றார்கள். நோட்டில் என்றேன்.
எப்போது என்று யாரும் கேட்கவில்லை.
கன்னத்தில் கண்டாங்கிக் கட்டம் பதிந்திருக்க
ரஹ்மத்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் இறங்கிய பிறகு எழுதினேன்:
மெத்தை பதினான்கு. ஊசி பன்னிரண்டு.
அபராதம் வரவு, சீ. உண்ணாமலை, ரூபாய் ஐந்து.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஐந்தை அடித்துப் பத்தாக்கினேன்.

மாசக் கடைசியில் ஆச்சி கூட்டிப் பார்ப்பாள்.
இது என்னடி கணக்கு என்பாள்.
கேட்கட்டும்.