மூன்றாவது ராக்கினி

பங்கு அலுவலகம் பத்தரைக்குத் திறக்கும் என்றார்கள்.
பதினொன்றேகாலுக்கு வந்தார் தனிஸ்லாஸ்,
ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் சிலிண்டர் ரசீது.
"ஞானஸ்நானமா, கல்யாணமா, அடக்கமா?"
தர்ஷினியில் டோக்கன் போடுகிறவர் குரல்.
மூன்றும், என்றேன்.

பெங்களூர்த் தண்டின் பழைய புத்தகம், லத்தீன்.
பிரெஞ்சுச் சாமியார் காதில் விழுந்தபடி எழுதிய நம் பேர்கள்.
சிங்கராயன் அதில் சிங்காருவா.
மதலேனம்மாளைப் பாதிக்குமேல் செல் அரித்திருந்தது.
தொழில் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்:
"குதிரைக்குப் புல்லு."
பெரியப்பா கல்யாண வீடுதோறும் சொல்லிவந்த படைத்தலைவர்
அந்த வரியில் குதிரையைவிட்டு இறங்கினார்.

1889. மகள் ரெஜினா.
அடக்கப் புத்தகத்தில் அதே பேர், வயது பதினோரு நாள்.
1891. மகள் ரெஜினா.
மறுபடி அடக்கம். ஒரு வருஷம், காய்ச்சல்.
அதற்குமேல் அவர்கள் இல்லை.
பக்கம் பக்கமாக
வேறு யார் யாரோ பிறக்கிறார்கள்.

அப்படியானால்
என் அப்பாவின் அப்பாவைப் பெற்ற ராக்கினி யார்?
இரண்டு முறை செத்தவளுக்கு
ஏது பேரன்?

வீடு மாறியிருப்பார்கள், என்றேன்.
பீரோவுக்குப் பின்னாலிருந்து
சுருட்டிய வரைபடம் ஒன்றை உருவினார் தனிஸ்லாஸ்.
"அவங்க எங்கயும் போகலை. பங்குதான் போச்சு.
தொண்ணூத்திமூணுல ரெண்டாப் பிரிச்சாங்க.
மோரிதான் எல்லை."

எனக்கா தெரியாது அந்த மோரி?
பதினேழு வருஷமாக பெஸ்காமில் மீட்டர் படிக்கிறேன்.
அதற்கு இந்தப் பக்கம் ஒரு சப்டிவிஷன், அந்தப் பக்கம் வேறு.
இங்கே கரண்ட் போனால் அங்கே மிக்ஸி ஓடும்.
பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களிடம்
"வீடு அதேதாம்மா, கோடு மாறிடுச்சு" என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன்,
சொல்வது என்னவென்று தெரியாமல்.

மறுநாள் மோரியைத் தாண்டினேன். நாற்பது எட்டுகூட இல்லை.
புதுப் பங்கின் முதல் புத்தகம், முதல் பக்கம், நான்காம் வரி:
1894. சிங்கராயன், மதலேனம்மாள். மகள் ரெஜினா.
கையெழுத்து வேறு. இந்தச் சாமியார் புதியவர்.
இது மூன்றாவது என்று அவருக்கு
யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.
பேரை மாத்தி வை என்று
மதலேனம்மாளிடம் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

"அடக்கப் புத்தகமும் எடுக்கட்டா?" என்றாள் அங்கிருந்த பெண்.
ஐம்பதுக்கு அப்புறம் தேடுங்க, என்றேன்.
1952-இல் இருந்தாள். இரண்டு பேரப்பிள்ளைகள் என்று
ஓரத்தில் யாரோ பென்சிலால் குறித்திருந்தார்கள்.

வாசலில் நின்று அப்பாவுக்கு போன் போட்டேன்.
படை இல்லைப்பா. புல்லு, என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டார்:
"கட்டு என்ன விலைக்குக் குடுத்தாராம்?"