பதினெட்டாம் நிமிடம்

காரா-அல்மாவிலிருந்து வந்த பழங்களை
வெள்ளைத்தாள் விரித்த மேசையில் கொட்டினேன்.
அந்த மலையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், டோலோனோ.
சிவப்பும் டோலோனோ, மஞ்சளும் டோலோனோ,
விரலைக் கறையாக்கும் கருப்பும் அதுதான்.
நெஞ்சு படபடத்தால்
கைக்கு எட்டியதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள்.

ஓஷ் நகர ஆய்வகத்தில் அப்படி விட முடியாது.
சீட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
பழத்தைப் பிளந்து கொட்டைகளை எண்ணினேன்:
ஒற்றை என்றால் இந்தத் தட்டு,
இரண்டு மூன்று என்றால் அந்தத் தட்டு.
இலையும் முள்ளும் பழைய செய்தித்தாளில்
நசுங்கி வந்திருந்தன.
ஒரு முள் ஏதோ அமைச்சரின் காதைத் துளைத்திருந்தது.

பதினேழாம் பைதான் தொல்லை.
மஞ்சள் பழம், மூன்று கொட்டை, புழு இல்லை.
உலர்த்தி நிறுத்தேன்.
நூறு கிராமில் எழுபத்தொன்று காற்றோடு போயிற்று.
மருந்து என்று கையில் ஏந்துவதில்
முக்கால்வாசி தண்ணீர்;
இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

மீதியை இடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி
நிறப்பிரிகை இயந்திரத்துக்கு ஊட்டினேன்.
இரண்டு முறை மின்சாரம் போனது.
மூன்றாம் முறை, இரவு ஒன்பதரைக்கு,
ஏழாம் நிமிடத்தில் தெரிந்த முகம்
பதினொன்றில் தெரிந்த முகம்
பதினெட்டில்

மலை.

சிவப்பில் அது இல்லை. கருப்பில் இல்லை.
மற்ற மஞ்சள் பைகளிலும் இல்லை.
தலைமை ஆய்வாளர் சரேமா இஸ்காகோவ்னா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்,
"இன்னொரு தரம்" என்றார்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
மலை நகரவில்லை.

அன்றிரவு அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் வைத்தேன்,
என் பெயரின் முதலிரண்டு எழுத்தைச் சேர்த்து.
யாரிடமும் சொல்லவில்லை.
பல் துலக்கும்போது ஒரே ஒருமுறை
வாய்நிறைய நுரையோடு உச்சரித்துப் பார்த்தேன்.

காலையில் சமிர்பெக்குக்குத் தொலைபேசினேன்.
எந்த மரம்?
"ஓடைக்கு மேலே, இடி விழுந்து இரண்டாய்ப் பிளந்தது."
மண்?
"மண்தான்."
எதில் போட்டு அனுப்பினீர்கள்?
"துணிப்பை தீர்ந்துபோச்சு.
டிராக்டர் இருக்கை உறையைக் கிழித்துத் தைத்தேன்.
நல்ல கெட்டி ரெக்சின்.
எர்கெஷ்பாய் இரண்டு நாள்
வண்டி முகப்பிலேயே வைத்துக் கொண்டுவந்தான்,
வெயிலில் பழம் கெடவே இல்லையே?"

கெடவில்லை என்றேன்.

காலிப் பையில் விரலகலம் வெட்டினேன்.
அதே சாராயம், அதே வடிதாள், அதே குழல்.
ஏழில் ஒன்றுமில்லை.
பதினொன்றில் ஒன்றுமில்லை.
பதினெட்டில் எழுந்து நின்றது,
பிளாஸ்டிக்கை மடங்கவைக்கும் எண்ணெய்,
என் பெயரின் இரண்டு எழுத்துகளோடு.

சரேமா சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.
"பையைச் சோதிக்கத் தோன்றியதே" என்று மட்டும் சொல்லி
தேநீரை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த வாரம் அதே பிளந்த மரத்தின் பழம் வந்தது,
இரண்டு முனையும் முடிச்சிட்ட
ஒரு சட்டைக் கையில்.
பதினெட்டாம் நிமிடம் வந்தது, போனது.
கோடு மேசைவிளிம்பு மாதிரி நேராக ஓடியது.
பதினேழுக்கு எதிரே எழுதினேன்:
தெரிந்த பொருட்கள், தெரிந்த அளவில்.

சமிர்பெக் மறுபடி அழைத்தார்.
முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு.
"அப்படியானால் குடிக்கலாமா?
மாடியேறினால் இடதுபக்கம் பிடிக்கிறது."
அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
அவருக்குள் என்ன இருக்கிறது என்று
இந்த இயந்திரத்துக்குத் தெரியாது.
நெஞ்சுமருத்துவர் வரும் கிழமையைச் சொன்னேன்,
பேருந்து நேரத்தையும்.
"பழம் வேண்டாமா?"
பழமும் இருக்கட்டும். முதலில் பேருந்து.

சட்டைக் கையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.
அவர் வரும்போது கொடுக்க வேண்டும்.
மணிக்கட்டுப் பொத்தான்
இன்னும் மாட்டியபடியே இருக்கிறது.