காற்றுக் கணக்கு

பதினான்காம் குழிக்கு
எங்கள் ஆட்கள் வைத்த பெயர் வாளையாறு.
நானூற்றுப் பத்து கெஜம், பார் நான்கு,
அட்டையில் பார்த்தால் நேர்கோடு.
டீயில் நின்றால் மேற்கே ஒரே மேடு,
மேட்டுக்கு மேல் தீக்குச்சி உயரத்தில் ஒரு கொடி
துணி கிழிகிற மாதிரி துடித்துக்கொண்டு.

ஆடி, இரண்டாம் ஞாயிறு, காலை ஏழரை.
கணவாய் திறந்திருக்கிறது.
புல்லெல்லாம் கிழக்கே படுத்துவிட்டது.
வேலிக்கு வெளியே கிணத்துக்கடவு ரோட்டில்
எக்ஸெல் வண்டிக்காரர் ஒருவர்
சாய்ந்தே ஓட்டிப் போகிறார்.

ஆர்டருக்காக ஆடுகிறேன், ஒளிப்பானேன்.
குரியாக்கோஸ், கண்ணூர்க்காரர்,
கடலோரத்தில் ஆடிப் பழகிய கை.
மாதம் ஆயிரத்து இருநூறு பம்ப் உறை
வேண்டுமா வேண்டாமா என்பதை
பதினெட்டாம் குழிக்குள் சொல்லிவிடுவார்.

"அங்கே காற்று ஓங்கும், ஓயும்.
மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து அடிப்போம்" என்றார்.
இது மூச்சே வாங்காதே என்றேன்.
முகத்தை நீட்டி முகர்ந்தார்.
"எங்கள் கடல்தான்.
உப்பை மட்டும் எங்கோ இறக்கிவிட்டிருக்கிறது."
மழையையும் என்று நான் சொல்லவில்லை.

டிரைவரை உருவினேன்.
சென்னியப்பன் தலையை ஆட்டினான்.
"அது வேண்டாங்க்கா. தாழ்வா, நெலத்தோட போகோணும்.
மேல போச்சுன்னா அது உங்க பந்தே இல்லீங்க."
கேட்கவில்லை.
பந்து ஏறியது, அழகாகவே ஏறியது,
உச்சியில் ஒரு கணம் நின்று யோசித்தது,
பிறகு ஆளை அடையாளம் கண்ட நாய்போல
என்னை நோக்கித் திரும்பியது.
நூற்று இருபது கெஜம். கருவேல முள்ளுக்கடியில்.

ஒன்று சொல்ல வேண்டும்.
உடுமலைக்குத் தெற்கே ஒரு காற்றாலையில்
மூன்றில் ஒரு பங்கு என்னுடையது.
என் உலையில் இரும்பு உருகுவது அதனால்தான்.
வைகாசி முதல் ஐப்பசி வரை
எழுந்ததும் நான் பார்ப்பது
சாமி படம் இல்லை, ஃபோனில் யூனிட்.
றெக்கை நின்றிருந்தால் காபி இறங்காது.
வாரம் ஆறு நாள்
இன்னும் அடி, இன்னும் அடி என்று கேட்கிறவள்
ஏழாம் நாள் இந்த மேட்டில் நின்று
கொஞ்சம் நில்லேன் என்றால்
யார் கேட்பார்கள்?

இரண்டாவது பக்கவாட்டில், வெளியே வர மட்டும்.
மூன்றாவது செம்மண் கிளப்பி அறுபது கெஜம்.
நான்காவது சென்னியப்பன் கையில் திணித்த நாலாம் அயர்ன்,
முழங்கால் உயரத்தில் முயல் ஓடுவதுபோல் ஓடியது.
ஐந்தாவது பங்கருக்குள்.
ஆறாவதும் பங்கருக்குள்.
மணல் பல்லில் நெறுநெறுத்தது.
கிரீனில் நின்று குரியாக்கோஸ்
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
தூசியா சிரிப்பா தெரியவில்லை.

ஏழாவது அடியில் கோபம் இருந்தது.
பந்து கொடியைத் தாண்டிப் பறந்து
மேற்கு விளிம்பில், பதினைந்தடி தள்ளி நின்றது.
பட்டரை எடுப்பதற்குள்
அசைந்தது.
யாரும் தொடவில்லை.
ஒரு உருள், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு உருள்,
சரிவும் காற்றும் பேசிவைத்த மாதிரி
குழியை நோக்கி இறங்கி வந்து
ஒரு சாண் இருக்கும்போது நின்றுகொண்டது.

"விதிப்படி அங்கிருந்தே ஆடலாம்"
என்றார் குரியாக்கோஸ், கொஞ்சம் வருத்தத்தோடு.
"பங்குதாரருன்னு தெரிஞ்சு போச்சுங்க அதுக்கு"
என்றான் சென்னியப்பன்.

எட்டு. அவருக்கு ஏழு.

பதினைந்தாம் டீயில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து
ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.
நள்ளிரவிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் யூனிட்.
அவர் ஏதோ கேட்டார்.
உறை ஒன்று என்ன விலை என்பதுபோல் இருந்தது.
பாதி வார்த்தையைக் காற்று
பல்லடம் பக்கம் கொண்டுபோய்விட்டது.
மறுபடி கேட்கட்டும் என்று
குனிந்து டீயைக் குத்தினேன்.