நண்டு நடை

"போகையில் இழுக்குது,
திரும்பையில் இல்லை" என்றாள் ரொசிட்டா.
தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் கம்பெனிக்குத்
தினமும் ஒன்பது பெட்டி நீலக்கால் நண்டு.
பாலம் ஏறியதும் ஆம்னி வலப்பக்கம் சாய்கிறது,
எதிரே வரும் பஸ்ஸிடம்
ஏதோ கேட்க வேண்டியதுபோல.
பெட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால்
கையை எடுத்தாலும் நேராய்ப் போகிறது.

வண்டிக்கு வீட்டு ஞாபகம் என்றான் ஐஸ் பிளாண்ட் களஞ்சியம்.
லோடு என்ற டயர்க் கடைக்காரன்
புது டயர் இரண்டு விற்றான்.
காற்று என்றேன் நான்.
ஆனி மாதம். தெற்கிலிருந்து சோழகம்.
மேற்கே போனால் இடது விலாவில் அறையும்,
கிழக்கே வந்தால் வலது விலாவில்.

சொன்னதோடு விட்டேனா?
டை ராடைத் திருகி ஸ்டியரிங்கை நேராக்கி
ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
அது இரண்டாவது அலைன்மென்ட்.
மூன்றாவதை ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் செய்தது.
முன்சக்கரம் இரண்டுக்கும் பச்சைக் கோடு.

அடுத்த வாரம் உச்சிப்புளிக்கு மறுபடி வந்தாள்.
"நேத்து காத்தே இல்ல.
போகையிலும் இழுத்துச்சு, வரையிலும் இழுத்துச்சு."

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
அப்படியானால் இத்தனை நாள்
திரும்பும் வழியெல்லாம்
காற்றுதான் அவளுக்கு ஸ்டியரிங் பிடித்திருக்கிறது.

ஜாக்கி வைத்தேன்.
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால்
பால் ஜாயின்ட் அசையவில்லை.
பக்கவாட்டில் ஆட்டினால்
டை ராட் எண்டும் வாய் திறக்கவில்லை.
ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை.
குற்றமில்லாதவனை மூன்று தடவை
ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறோம்.

அரியமானுக்கு ஓட்டச் சொன்னேன்.
நீர் இறங்கிய ஈர மணல்,
மேலே ஒரு காக்கைக் கால்கூட இல்லை.
நேரே போ, முப்பது கெஜம்.
அவள் போனாள். நான் பின்னால் நடந்தேன்.

இரண்டு கோடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு.
முன்சக்கரத் தடத்துக்கு இடப்புறம்
இரண்டு விரல் தள்ளிப் பின்சக்கரத் தடம்.
இறங்கி வந்து குந்திப் பார்த்தாள் ரொசிட்டா.
"என் சரக்கு மாதிரியே நடக்குதே."

நோய் பின்னால்.
இடப்பக்கப் பட்டையில் சென்டர் போல்ட் அறுந்து
அச்சு ஒரு விரற்கடை பின்வாங்கியிருந்தது.
இரண்டாம் பட்டையில் நூல் விரிசல்.
யூ போல்ட் தொட்டதும் உதிர்ந்தது, அப்பளம்போல.
அண்ணாந்து பார்த்தேன்:
தரைத் தகட்டில் ஒரு ஓட்டை,
அதன் வழியே வெளிச்சம்.
நண்டுத் தண்ணி வடிய அவளே போட்டது.
இரண்டு வருடம், சொட்டுச் சொட்டாய்,
கடல் அங்கே வேலை பார்த்திருக்கிறது.

"நான்தான் போட்டேன். பெட்டி நாறுச்சு" என்றாள்.
வருத்தம் எதுவும் குரலில் இல்லை.

பட்டையும் புஷ்ஷும் பஸ் பார்சலில் வந்தன.
பழைய போல்ட்டை ரம்பம்தான் விடுவித்தது.
அச்சை அதன் குழிக்குத் தள்ளி முறுக்கிக்
கீழே இறக்கி ஓட்டினால்
ஸ்டியரிங் இப்போது கோணல்!
பின்னால் உண்மை வந்ததும்
முன்னால் நாங்கள் சொன்ன பொய்கள் தெரிந்தன.
முதல் மெக்கானிக் இரண்டு சுற்று,
நான் ஒன்றேகால்,
கம்ப்யூட்டர் முக்கால்.
மரை மரையாய்த் திருப்பிக் கழற்றினேன்.
என் ஒன்றேகாலுக்கு ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து வாங்கினாள்.

ஓட்டையை அடைக்கவில்லை.
ஒரு முழம் ஹோஸ் செருகி
பட்டைக்கு அப்பால் வளைத்துவிட்டேன்.
தண்ணி போகத்தான் வேண்டும்.

மறுநாள் பாலத்திலிருந்து போன்.
பின்னணியில் காற்று கிழிகிறது.
"போகையில வலது, வரையில இடது,
இப்ப ரெண்டு பக்கமும் இழுக்குது!"

"அது காற்று" என்றேன்.

கொஞ்ச நேரம் சோழகம் மட்டும் பேசியது.
பிறகு அவள்:
"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."